நூறாம் சனல்

லிங்கநகர்,
திருகோணமலை.

பாசமுள்ள மருமகன் விதுசனுக்கு,

மாமா பாக்கியரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் மாமி பூரணமும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை நீங்கள் பெரிதாக எடுக்க வேண்டாம். நோர்வேக் குளிரில் நீங்களும் மகள் தனுஷிகாவும் கவனமாக இருக்கவும். வாட்ஸ்அப்பில் சொல்லலாமே என்பீர்கள். முப்பத்திரண்டு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் நான், கோபப்படுவதென்றால் கடிதத்தில்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

கோபம் உங்கள் லைற்றுகள் மேல். போன முறை வந்தபோது, துறைமுகத்தில் நிற்கும் உங்கள் பாய்ப்படகுக்கு நாலு எல்.ஈ.டி. லைற்றைப் பூட்டி, "மாமா, பற்றறியைக் கொஞ்சமும் இழுக்காது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பற்றறியை இழுக்கவில்லை, என் உயிரைத்தான் இழுக்கிறது. நீங்கள் போன கையோடு படகு றேடியோவில் இரைச்சல் தொடங்கிவிட்டது. தாச்சியில் மீன் பொரிக்கிற சத்தம்தான், மனுசக் குரல் ஒன்றும் இல்லை. காவல் பார்க்கிறேன் என்று நான் பின்னேரம் பின்னேரம் படகுக்குப் போவது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். மூதூர் மஹ்ரூப் மீன்பிடித்துத் திரும்பும்போது ஐந்தரைக்கு என்னைக் கூப்பிடுவார். கடலில் போன் எடுபடாது, றேடியோதான். என்ன மீன் பட்டது, பூரணம் எனக்கு என்னத்துக்கு ஏசினாள், அவ்வளவுதான் கதை. ஆனால் பென்சன் எடுத்தபிறகு என்னைத் தேடிக் கூப்பிட வேறு ஆர் இருக்கினம், சொல்லுங்கோ?

இதற்குள் ஒரு சிக்கல். அவருடைய மகள் றுமானாவின் கலியாணத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல், சத்தியமாகக் காய்ச்சல். மனுசன் கோபமாக இருப்பாரோ என்று நான் யோசிக்கிற நேரம் பார்த்து இந்த இரைச்சல். பன்னிரண்டு நாளாக அதற்குள்ளால் கேட்டது ஒரே ஒரு சொல்: "அண்ணன்... நூறுங்க... நூறுங்க." சரி, நூறாம் சனலுக்கு வரச் சொல்கிறார் என்று திருகினேன், திருகினேன், செற் எண்பத்தெட்டோடு நின்றுவிட்டது. நூறாம் சனல் என்று ஒன்று இல்லவே இல்லை! இல்லாத சனலுக்குப் போ எண்டால் என்ன கருத்து? தொலைஞ்சு போ எண்டுதானே? எனக்குச் சோறு இறங்கேல்லை மருமகன். நானும் ரோசக்காரன், அவர் கரைக்கு வந்த பிறகும் போன் எடுத்துக் கேக்கேல்லை.

ஒவ்வொரு சுவிச்சாகவும் பார்த்தேன். பாய்மரத்து லைற்றை நிப்பாட்டினன், இரைச்சல். உள் லைற் மூண்டையும் நிப்பாட்டினன், இரைச்சல். நிப்பாட்டின பிறகும் இரையிற லைற் எவ்வளவு கெட்ட லைற்றாய் இருக்கோணும்! நாலையும் கழட்டி வீட்டை கொண்டந்திட்டன். பிறகும் இரையுது. வயருக்குள்ள மிச்சம் கிடக்குதாக்கும். தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. நீங்கள் போன அன்றே றேடியோவுக்குப் பக்கத்தில் பிள்ளையார் படம் வைத்து, பின்னால் நிறம் மாறிச் சுழலும் லைற் வட்டம் ஒன்றும் சந்தையில் வாங்கிப் பூட்டி, ஒருநாளும் நிற்கக்கூடாதென்று சுவிச் இல்லாமல் நேரே பற்றறியில் கொடுத்திருக்கிறேன். அவராலும் உங்கள் லைற்றுகளை அடக்க ஏலாமல் போய்விட்டது.

அந்த லைற் கடைக்காரனைக் கண்டால் நான் கேட்டதாகச் சொல்லவும். தனுஷிகாவுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, கோபம் ஆறியதும் வந்து சேரும்.

மனவருத்தத்துடன்,
மாமா பாக்கியரத்தினம்

பி.கு.: உறையில் முத்திரை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனம் வரவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். இன்று காலை மஹ்ரூப், கையில் கலியாணத்துப் பலகாரம் தொதலோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "என்ன அண்ணன், நூருங்க நூருங்க எண்டு தொண்டை கிழியக் கத்துறன், நீங்க நூக்கவே இல்லையே?" என்றார்.

ஐயோ மருமகன், நூறு இல்லை, நூருங்க, அணைக்கச் சொல்லியிருக்கிறார்! லைற்றை நூருங்கோ எண்டு பூரணம் நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுற அதே சொல்லு!

"எந்த லைற்றை?" எண்டு கேட்டன். மனுசன் நிலத்தைப் பார்த்தார். "உங்கட சாமிக்குப் பின்னால சுத்துறது அண்ணன், கடந்து போகக்குள்ள கண்டன். என்ட படகுல அதே மலிவு லைற் கட்டின நாள் எனக்கும் இதே இரைச்சல்தான். ஆனா உங்கட சாமிர லைற்ற நூருங்க எண்டு என்ட வாயால எப்பிடிச் சொல்ற? அதான் எந்த லைற் எண்டு சொல்லல்ல."

இரண்டு பேரும் படகுக்குப் போய் அந்த வயரைக் கழற்றினோம். இரைச்சல் பட்டென்று நின்றது. பிள்ளையார் இருட்டில் இருக்கக்கூடாதென்று மஹ்ரூப்தான் தன் படகிலிருந்த பழைய மஞ்சள் பல்ப்பைக் கழற்றிவந்து பூட்டினார். பின்னேரம் மூதூருக்குத் திரும்புகிற வழியில் கூப்பிட்டார். "பாக்கியம் அண்ணன், கேக்குதா?" கேட்டது, தெளிவாகக் கேட்டது. பன்னிரண்டு நாளும் பூரணம் எனக்கு ஏசினதையெல்லாம் ஒண்டும் விடாமல் சொல்லி முடித்தேன்.

உங்கள் லைற்றுகள் ஒரு பாவமும் செய்யவில்லை, மன்னிக்கவும். ஆனால் புதிதாக நாலு அனுப்பவும். பழையதைப் பூரணம் கோழிக்கூட்டுக்குள் பூட்டிவிட்டாள், முட்டை கூடிவிட்டதாம். "இஞ்சாரும், அதை நூரும், கழட்டோணும்" எண்டு இப்பதான் சொல்லிப் பார்த்தன். "நூறோ? நாப்பத்திரண்டு முட்டைதான் இட்டிருக்கு, நூறு வரட்டும்" எண்டுறா.