ஒயருக்குள் ஒரு சிப்

லேப்டாப் திரையில் மஞ்சள் முக்கோணம் முளைத்தது.

"என்னங்க சொல்லுது?" என்றாள் மனைவி.

"நம்ம ஒயரை யாருன்னே தெரியாதுங்குது."

இருபது வருடம் சர்க்யூட் வரைந்த இன்ஜினியர் அவர். கம்பெனி மூடி மூன்று மாதமாக வீட்டோடு இருந்தார். மனைவியின் எம்பிராய்டரி மெஷின் பழையது. அதிலிருந்தது சீரியல் போர்ட். புது லேப்டாப்பில் யுஎஸ்பி மட்டும். லேப்டாப்பில் இருக்கும் டிசைனை மெஷினுக்கு அனுப்ப, இரண்டையும் பேசவைக்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் ஒயர் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு பேட்ஜ் தைத்தாக வேண்டும்.

ஒயரின் தலையைப் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த சிப் போலி. ஒயரை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

கடைக்கு ஓடினார். "அசல் சிப் போட்டது இருக்கா?"

"எல்லாமே அசல்தான் சார்."

"எது வேலை செய்யும்?"

"அதை வாங்கிட்டுப் போய் நீங்கதான் சொல்லணும்."

இரண்டாவது ஒயர் அசல்தான். ஆனால் அந்த சிப்புக்குப் புது டிரைவர் எழுதுவதை அதைச் செய்தவர்கள் எப்போதோ கைகழுவியிருந்தார்கள். விடுவாரா? பழைய டிரைவரைத் தேடிப்பிடித்து, லேப்டாப்பின் காவலையெல்லாம் தளர்த்தி ஏற்றினார். ஒயருக்கு உயிர் வந்தது, கீபோர்டு செத்தது. டிரைவரைப் பிடுங்கினார்; மவுஸும் உடன்கட்டை ஏறியது.

மறுபடி கடை. மூன்றாவது ஒயர். வேறு வழியில்லாமல் லேப்டாப்பை மொத்தமாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். மெஷினும் லேப்டாப்பும் கடைசியில் பேசிக்கொண்டன. பேசத்தான் விஷயமில்லை. அழித்ததில் பேட்ஜ் டிசைனும் போயிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை.

"பரவாயில்லைங்க. பொறுமையா பாருங்க," என்றாள் மனைவி.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சொன்ன தேதியை அவர் தவறவிட்டதே கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். ஆபீஸ் வாசலில் பியூன் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பேட்ஜ் விஷயமா வந்தேன்," என்றார் இன்ஜினியர். "முடியலை. தப்பு முழுக்க என்னோடது. என் மனைவிக்குக் கொடுக்கற வேலையை மட்டும் நிறுத்திடாதீங்க."

பியூன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேட்ஜா? அது புதன்கிழமையே வந்துடுச்சே சார்! போன வருஷ டிசைன் மெஷினுக்குள்ளயே இருக்காம், நீங்க ஒயர் வாங்கப் போன நேரத்துலயெல்லாம் உங்க வீட்டம்மா தைச்சே முடிச்சுட்டாங்க. 'மனுஷன் மூணு மாசம் கழிச்சு இப்பத்தான் ஷேவ் பண்ணிட்டு வெளியே போறாரு, மூச்சு விட்டுடாதீங்க'ன்னு என்கிட்ட சொல்லிட்டு... ஐயய்யோ!"