மாமனாரின் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பேய்ப்படம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றும், உங்கள் கீழ்வரிசை வலதுபக்கக் கடைவாய்ப் பல் மட்டும் நலமாக இல்லை என்றும் அறிகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேசைமேலேயே கிடக்கும், மத்தியானத் தூக்கத்துக்கு அப்புறம் கண்ணாடியைத் தேடி எடுத்து எப்படியும் படித்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பட்டப்பகலில், ஐம்பத்தொரு வயதுப் பல் டாக்டராகிய நான், நாற்காலியில் படுத்திருந்த லாரி டிரைவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறினேன். பல் பிடுங்குகிற இடத்தில் அலறல் சகஜம். ஆனால் அலறுவது நோயாளியின் பொறுப்பு. அந்த மனிதர் வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாக இருந்த நிலைமையிலும் என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். எழுந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஒண்ணுமில்ல டாக்டர், படம்தானே? பேய் வந்தா நான் பாத்துக்கறேன், நீங்க பல்லைப் பாருங்க" என்றார். அன்றைக்குப் பல் சுத்தம் செய்ய வந்து வெளியே காத்திருந்த உங்கள் மூத்த மகள் இதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். அவர் வாயிலிருந்து கிளம்பிய செய்தி சாயங்காலத்துக்குள் நாலு வீடு சுற்றி உங்களிடம் வந்து சேர்ந்தபோது, நான் லாரி டிரைவரின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்ததாக ஆகிவிட்டது. மடியில் உட்காரவில்லை மாமா. நாற்காலிக் கைப்பிடியில் லேசாகச் சாய்ந்தேன். அவ்வளவுதான்.

அதற்கு நீங்கள் சொல்லியனுப்பிய தீர்ப்பும் வந்து சேர்ந்தது. "என் பேர் போட்ட ஆஸ்பத்திரியில பேயா? ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒண்ணு பேய் இருக்கட்டும், இல்ல போர்டுல என் பேர் இருக்கட்டும்." உங்கள் மகள் இதை உங்கள் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கிளினிக்குக்கு உங்கள் பெயரை வைத்து நான் வாசலில் மாட்டிய பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு நீங்கள் வந்து இறங்குவதற்குள், பேய் எப்படி என் கிளினிக்குக்குள் வந்தது என்பதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு வருஷத்துக்கு முன் என் கிளினிக் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. உள்ளே மிஷின் "கிர்ர்ர்" என்றால் போதும், வெளியே காத்திருக்கிறவர்களில் ஒருவருக்குக் கட்டாயம் அவசர போன் வரும். மணி அடிக்காத போனைக் காதில் வைத்து "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பேசிக்கொண்டே படியிறங்கிவிடுவார்கள். ஒருவர் ஒற்றைச் செருப்போடு போனார். மற்றது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, ஆள் வரவில்லை. துணிந்து உள்ளே வருகிறவர்களும் வாயை ஒரு ஸ்பூன் அகலத்துக்குத்தான் திறப்பார்கள். அந்த இடுக்கில் நான் வேலை பார்ப்பது, சாவித் துவாரம் வழியாக அறையைப் பெருக்குவது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து புலம்பினேன். "மனசு வேற எங்கேயாவது போனா வாய் தானா திறக்கும். மேல ஒரு டிவி மாட்டுங்க" என்றாள் உங்கள் மகள். நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் டிவி ஏறியது. சத்தத்துக்காக என் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர்.

மாட்டியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. முதலில் கடலும் மீன்களும் போட்டேன். கூடவே மெல்லிசாக வரும் அந்தப் புல்லாங்குழலுக்கு ஆட்கள் சுகமாகத் தூங்கிவிட்டார்கள். தூங்குகிறவன் வாயை மூடுவான் என்பதும், மூடும்போது உள்ளே என் விரல் இருக்கும் என்பதும் எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. அடுத்து செய்தி போட்டேன். எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். பிறகு சமையல் நிகழ்ச்சி. எண்ணெயில் வெங்காயம் விழும் "சொய்ங்" சத்தத்துக்கு ஊறிய எச்சிலை இழுக்க முடியாமல் எங்கள் குழாய் திணறியது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என் உதவியாளர் அம்மாளின் வேலை, ஆகவே எல்லோருக்கும் அவர் குழாயக்கா. "டாக்டர், இது வாய் இல்ல, வாய்க்கால். எனக்கு இன்னொரு கை வேணும்" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் அவரே தன் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தார். "என் வீட்டுக்காரர் கல்யாணத்துல கூடச் சிரிக்காதவரு. இதைப் பாத்து கட்டில்லேர்ந்து விழுந்தாரு. போட்டுப் பாருங்க."

பேய்ப்படம். ஆனால் சிரிப்புப் பேய். ஒரு புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான், அங்கே பேய் இருக்கிறது. (அதில் வரும் மாமனாரைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.) பேய்க்குப் பயந்து ஒரு பழைய அலமாரிக்குள் ஒளிகிறான். பேய் குடியிருப்பதே அந்த அலமாரியில்தான். பாவம், யாரோ இடமில்லாமல் வந்திருக்கிறார் என்று அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறதாம். "கொடுக்கிறதாம்" என்று எழுதக் காரணம், நான் படத்தைப் பார்த்ததில்லை. டிவி கூரையில், என் கண் நோயாளியின் வாயில். எனக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். கதவு கிறீச்சிடும். ஒரு பெருமூச்சு. அப்புறம் பத்து விநாடி ஒன்றுமே இருக்காது, மாமா, அந்தப் பத்து விநாடியில்தான் என் உயிர் முழங்காலுக்கு இறங்கும். அதற்கப்புறம் எலும்பு நொறுங்குகிற மாதிரி "பட், பட், பட்". முதல் நாள் நடுங்கிப்போய், "என்னக்கா அது? கடிக்குதா?" என்று கேட்டேன். பக்கத்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த குழாயக்கா சொன்னார்: "இல்ல டாக்டர், பேய் சொடக்கு எடுக்குது. ரொம்ப நேரம் உக்காந்திருந்ததில்ல."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஞானம் கிடைத்தது. அழுகைப் படத்துக்கு வாய் கோணும். காதல் படத்துக்கு மூடிக்கொள்ளும். சண்டைப் படத்துக்குப் பல்லைக் கடிப்பார்கள். பயந்தாலும் "ஆ", சிரித்தாலும் "ஆ" என்று இரண்டு பக்கமும் வாயைத் திறந்தே வைக்கிற படம் உலகத்தில் இது ஒன்றுதான். காதுக்குப் பேய், கண்ணுக்குக் கோமாளி. நோயாளிக்குக் காதும் கண்ணும் இருக்கின்றன, ஆகவே சிரிக்கிறான். எனக்குக் காது மட்டும், ஆகவே பயப்படுகிறேன். எட்டு மாதமாக அதே படம்தான். எந்த நிமிஷத்தில் கதவு கிறீச்சிடும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நிமிஷம் நெருங்கியதும் மிஷினை நிறுத்தி, வாயிலிருந்து வெளியே எடுத்து, தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பயப்படுவேன். தொழிலில் நான் ஒழுங்கு தவறியதில்லை.

பலனைக் கேளுங்கள். இரண்டு வருஷமாக ஸ்பூன் அகலத்தைத் தாண்டாத கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அலமாரிக் காட்சியில் அந்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு உள்நாக்கு வரைக்கும் தெரிந்தது. ஒரே மூச்சில் இரண்டு சொத்தையை அடைத்துவிட்டேன். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பயந்தாங்கொள்ளி இருக்கானே, என்ன மூஞ்சி! புருவம் ரெண்டும் துள்ளித் தொப்பிக்குள்ள போயிடுது" என்றார். "ஆமாம் டீச்சர், நல்ல நடிகன்னு எல்லாருமே சொல்றாங்க" என்றேன். குழாயக்காவுக்கு ஏனோ அப்போது இருமல் வந்துவிட்டது. இப்போது உட்கார நாற்காலி போதவில்லை. பல்வலி தீர்ந்துபோன ஒரு தம்பதி மறுபடி வந்து, "சும்மா ஒரு செக்கப், டாக்டர். அந்தக் கதவு கிறீச்சிடுற நேரமா பாத்து உள்ள கூப்பிடுங்க" என்கிறார்கள். இதெல்லாம் உங்கள் பெயர் போட்ட பலகைக்குக் கீழேதான் நடக்கிறது. அவமானமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். போனமுறை நீங்கள் வந்துபோன பிறகு உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்த உங்கள் மகள், பையில் ஒரு கை வறுத்த வேர்க்கடலை இருந்ததைப் பார்த்தாள். நான்தான் உங்களுக்குக் கொடுத்திருந்தேன். வாயில் போடுகிற மாதிரிக் காட்டி, பையில் போட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் கடலையை ஓட்டோடு கடித்து, ஓட்டை மட்டும் துப்பியவர். மூன்று நாளும் ரொட்டியை டீயில் முக்கி இடதுபக்கமாக மென்றதையும் அவள் கவனித்திருக்கிறாள். சட்டையைக் கையோடு கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "ஊரே உங்ககிட்ட வாயைத் திறக்குது, எங்கப்பா திறக்கலையே" என்றாள்.

"தீயணைப்பு நிலையத்துக்கே அதிகாரியா இருந்தவரு, அவருக்கென்ன பயம்?" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நெருப்புக்குள்ள போறப்ப கூட நாலு பேரு இருப்பாங்க, சேர்ந்து பயப்படுவாங்க, வெளிய வந்து சேர்ந்து சிரிப்பாங்க. அப்பாவே சொல்லியிருக்காரு. இந்த நாற்காலில மனுஷன் தனியால்ல படுக்கணும்?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எட்டு மாதமாக என் கிளினிக்கில் நடப்பதும் இதுதான். எல்லோரும் சேர்ந்து பயப்படுகிறோம், அடுத்த நிமிஷம் சிரிப்பு வரும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம் மாமா, வெட்கமே வராது.

இன்னொன்று. ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் தொப்பியும் முகக்கவசமும் போட்ட பெரியவர் ஒருவர் வந்து, வேறு பெயர் கொடுத்து, நாற்பது நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டு, முறை வருவதற்குள் போய்விட்டாராம். உட்கார்ந்திருந்தபோது சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியை எடுத்துத் திருப்பி, தேதி பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு மாட்டினாராம். பெயர் ஏட்டில் இருக்கிறது, நான் யாரிடமும் காட்டவில்லை. கருவியை மட்டும் மறுநாளே மாற்றிவிட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கிளினிக்குக்கு விடுமுறை. நாற்காலியில் நீங்கள், ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் உங்கள் மகள், குழாயோடு அக்கா. உங்களுக்காக மட்டும் படத்தை முதலிலிருந்து போடுகிறேன். அரை மணி நேரம். வலி தெரியாமல் செய்வது என் பொறுப்பு. நடுவில் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் பெரிதுபடுத்தாதீர்கள். முடிந்ததும் பலகையைக் கழற்றுவதென்றால் ஏணியை நானே பிடிக்கிறேன். ஆனால் அதற்கு முன் உள்ளங்கை நிறைய வேர்க்கடலையை இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும், அது என் நிபந்தனை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மூத்த மகளுக்கு என் அன்பும், அவர் வாய்க்கு என் பல்துறை வாழ்த்துகளும். உங்கள் முப்பத்திரண்டில் மிச்சமிருக்கும் இருபத்தாறும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கட்டிய ஒரே தகுதியில் உங்களிடம் இவ்வளவு பேசிவிட்ட
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது, நாற்காலி சர்வீஸ் செய்கிற மெக்கானிக் வந்தார். விளக்கைச் சோதிக்கத் தானே நாற்காலியில் படுத்து, சுவிட்சைப் போட்டு, என்னைக் குனியச் சொல்லிவிட்டு, "இந்த டிவியை எதுக்கு டாக்டர் மாட்டியிருக்கீங்க? லைட்டைப் போட்டா இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலையே. வெளிச்சம், நடுவுல தொப்பியோட உங்க மூஞ்சி, அவ்வளவுதான்" என்றார். நானும் படுத்துப் பார்த்தேன். உண்மைதான். எட்டு மாதமாக ஒருவர்கூடப் படத்தைப் பார்த்ததில்லை. "இதை ஏன்க்கா சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க பயப்படறதை நிறுத்திடுவீங்கன்னுதான்" என்றார் குழாயக்கா. நீங்கள் விரும்பியபடியே டிவியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும் என்கிறார் அக்கா. அது எனக்காம்.