சும்மா கிடந்த ஓர் இடம்

கணினி நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் பழைய அழைப்பில் நேற்றுவரை பொருட்படுத்தாத ஒன்றுக்கு இன்று பொருள் கொடுக்கக் கூடாது. புதிய வசதி வேண்டுமென்றால் புதிய அழைப்பையே உருவாக்க வேண்டும். இயங்குதளம் எழுதுகிறவர்களின் விதி இது. விருதுநகரில் முப்பது வருடம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். (எழுதாதவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தும் இருக்கிறேன்.) ஓய்வுபெற்றதும் முதல் வேலையாக அதை மீறினேன்.

என் மனைவி செல்வி சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் நடத்துகிறாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கணினியில் ஒரு கோப்புறை உருவாக்கும் நிரலை அவளே எழுதியிருந்தாள். கோப்புறை கேட்கும்போது, உள்ளே யார் எழுதலாம் என்று சொல்லும் ஓர் எண்ணையும் இயங்குதளத்திடம் கொடுக்க வேண்டும். 0, 1 என்று நிரப்பும் அந்த எண்ணில் சில இடங்களை இயங்குதளம் கண்டுகொள்வதே இல்லை. அப்படி ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே 1 இருந்தால் கோப்புறையை உடனே பூட்டிவிடும்படி அச்சகக் கணினியின் இயங்குதளத்தை மாற்றினேன். முடிந்த ஆர்டர்களைப் பத்திரப்படுத்தத்தான். தனி அழைப்பு எழுத இரண்டு நாளாகும். எனக்கோ அன்றே மனைவியின் பாராட்டு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, லேபிள் வரையும் மாரியப்பன் ஓடிவந்தார். "ஐயா, போல்டர் வருது. உள்ள ஒத்தப் படம் போக மாட்டேங்குதே!"

வாசலில் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையின் வேன் லேபிளுக்காக நின்றது. தீபாவளி சீசன். செல்வி ஒரு சீசனிலும் லோடைத் தாமதப்படுத்தியதில்லை.

"என்னத்தத் தொட்டீக?" என்றாள்.

"சும்மா கெடந்த ஒரே ஒரு இடம்தான்."

"சும்மா கெடக்குன்னு யாரு சொன்னா? எது எதுக்குன்னு தெரியாம நான் எல்லா இடத்துலயும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். இருவது வருசமா அதுபாட்டுக்கு ஓடுச்சே!"

பழைய இயங்குதளத்தைத் திரும்ப ஏற்றி, லேபிள் அடித்து முடிப்பதற்குள் வேன் போய்விட்டது. லேபிள் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் செல்வியும் ஆலைக்குப் பஸ்ஸில் போனோம்.

"உங்க மாணவன் இதைச் செஞ்சிருந்தா?"

"பெயிலாக்கியிருப்பேன்."

"அப்போ எழுத்துல குடுங்க."

பட்டாசு ஏற்றும் சாயங்கால லாரி கிளம்பும் முன் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது என் கட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள். அந்தக் கோபத்திலும் என் முதுகுவலி அவளுக்கு மறக்கவில்லை.

பத்திக்கு எண் போட்டு ஐந்து பக்கம் விளக்கம் எழுதினேன். கடைசியில், அச்சகத்துக்குள் மறுபடி வரலாமா என்று அனுமதி கோரியிருந்தேன்.

இன்றும் அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். "ஐயா பொருட்காட்சி பாக்க வாராக" என்று வேலை பார்க்கும் பெண்கள் சிரிப்பார்கள். "படிச்சேன். வாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க" என்பதுதான் என் ஐந்து பக்க விளக்கத்துக்குச் செல்வியின் பதில். சீசன் முழுக்கக் காக்கவைத்துவிட்டு அவள் அதைத் தந்தது தீபாவளிக்கு மறுநாள்.