கொண்டாடாதவர் வீட்டு நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் கொண்டாடாதவர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவசரப்பட்டு எதிர்வீட்டுச் சடையாண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சடையாண்டி வருஷா வருஷம் பழனிக்கு மாலை போடுகிறவர்; அவருக்கு அது ஒரு விடுமுறை நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவரைக் கொண்டாடாதவர் என்பது, மீனைப் பார்த்து மாடிப்படி ஏறாதவர் என்பதைப் போன்றது. நாம் பேசுவது, ஞானஸ்நானம் வாங்கி, வேதத்தை மூன்று நிறப் பேனாக்களால் அடிக்கோடிட்டு, அதற்கு ஜிப் வைத்த உறையும் தைத்துப் போட்டிருக்கும் கிறிஸ்தவரைப் பற்றி.

அவர்களிலும் சத்தமில்லாமல் கொண்டாடாமல் இருப்பவர்கள் உண்டு. டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி காலையில் இட்லி சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நல்ல மனிதர்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியவர், கொண்டாடாமல் இருப்பதை ஒரு முழுநேர வேலையாகச் செய்கிறவர்.

திண்டுக்கல் பிராங்கிளினைப் போல.

பிராங்கிளின் பத்திர எழுத்தர். தினமும் பஸ் ஏறி வடமதுரைக்குப் போய், பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, வீடு தோட்டம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பார். ஓர் இடம் யாருடையது என்பதை அங்கே நாற்பது வருஷமாக உழுகிறவன் சொல்லக் கூடாது, எல்லையில் நிற்கிற வேப்பமரம் சொல்லக் கூடாது. தாள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் ஒரு மனிதரிடம் ஒரே ஒரு கேள்வியை வளர்த்துவிடும்: “எங்க எழுதியிருக்கு?”

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு அவர் பரம்பரையாகப் போய்வந்த கோயிலை விட்டுவிட்டு, ஒரு மாடியில் கூடும் ஜெபக் குழுவுக்குப் போகத் தொடங்கினார். அங்கே பாஸ்டர் முதல் வாரமே அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டார்: “கிறிஸ்மஸ் கொண்டாடச் சொல்லி வேதத்துல எங்க எழுதியிருக்கு?” பிராங்கிளினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமலே நாற்பத்திரண்டு வருஷம் ஒரு பண்டிகையை அனுபவித்து வந்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

கொண்டாடுகிறவர்கள்கூட டிசம்பர் முதல் தேதிக்குத்தான் நட்சத்திரத்தைத் தூசி தட்டுவார்கள். பிராங்கிளின் நவம்பர் இருபதாம் தேதியே தொடங்கிவிட்டார். மனைவி வினோலியா, எட்டாம் வகுப்பு ராபின், நான்காம் வகுப்பு ஷைனி, மூவரையும் உட்காரவைத்தார்.

“இந்த வருசத்துல இருந்து நம்ம வீட்டுல ஸ்டார் கிடையாது, குடில் கிடையாது, கேக் கிடையாது, புதுத்துணி கிடையாது.”

“எதுக்குப்பா?” என்றாள் ஷைனி.

“ஆண்டவர் டிசம்பர் இருபத்தஞ்சுல பொறந்தார்னு எங்க எழுதியிருக்கு?”

“போன வருசம் நீங்கதானப்பா ஏணி போட்டு ஸ்டார் கட்டுனீங்க. கோணலா இருக்குன்னு ரெண்டு தரம் அவுத்துக் கட்டுனீங்க.”

“அப்ப எனக்குத் தெரியாதுத்தா.”

“பட்டாசு?” என்றான் ராபின்.

“அதெல்லாம் சுத்தமா எழுதலை.”

வினோலியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள். “ஆடித் தள்ளுபடி எழுதியிருக்காங்களா? நாலு வேட்டி எடுத்துட்டு வந்தீக.”

“அது உலகப்பிரகாரமான காரியம். இதுல சேக்காத.”

பிராங்கிளினிடம் இன்னொரு பெரிய ஆயுதம் இருந்தது. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் இரண்டே ராஜாக்கள், அந்த இரண்டு விருந்திலும் ஒருத்தன் உயிர் போனது என்பார். பால்காரரிடம் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், வடமதுரை பஸ்ஸில் சில்லறைக்குக் காத்திருந்த கண்டக்டரிடமும் சொன்னார். ராபின் இதைக் கேட்ட நாளிலிருந்து, தன் பிறந்தநாள் ஜூலையில் வருவதை நினைத்து அவ்வப்போது கழுத்தைத் தடவிக்கொண்டான்.

இந்த இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டாடுகிற வீடுகளை அவர்கள் ஒதுக்க மாட்டார்கள். ஒதுக்கினால் யாருக்கு எடுத்துச் சொல்வது? பிராங்கிளின் டிசம்பரில் தன் அக்காள் புஷ்பமேரி வீட்டுக்குப் போன அளவுக்கு வருஷம் முழுவதும் போனதில்லை. அக்காள் அடுப்படியில் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருப்பார். தம்பி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த டிசம்பர் குளிரில் மேய்ப்பர்கள் எப்படி ராத்திரி வயல்வெளியில் ஆடு காத்திருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டே சுடச்சுட எடுத்துக் கடிப்பார்.

“ஏலே, தப்புங்குற, அப்புறம் எதுக்குத் திங்கிற?”

“பண்டத்துல பாவமில்லக்கா. கொண்டாடுறதுதான் தப்பு.”

“அப்பச் சரி. நீ தின்னு. கொண்டாடுறத நான் பாத்துக்கிறேன்.”

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினேழாம் தேதி ரம்ஜான் வந்தது.

பக்கத்து வீடு அக்பர் அலியுடையது, தோல் வியாபாரி. அவர் மனைவி காதர் பீவி ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையப் பிரியாணி கொடுத்தனுப்புவார். அந்தத் தூக்கு கிறிஸ்துமஸ் அன்றைக்கு, கேக்கும் அச்சுமுறுக்குமாகத் திரும்பிப் போகும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். இடையில் எத்தனை மாதம் ஆனாலும் தூக்கு இந்த வீட்டு அலமாரியில் காத்திருக்கும். வெறுந்தூக்காக அது ஒருநாளும் அந்த வாசல் ஏறியதில்லை. இப்படி ஓர் ஏற்பாடு எங்கேயும் எழுதப்படவில்லை. அதனாலோ என்னவோ, யாரும் மீறியதும் இல்லை. கொண்டுபோய்க் கொடுப்பது ஷைனியின் உரிமை. அந்த வீட்டு ஷப்னம் அவளோடு ஒரே வகுப்பு. இந்த வருஷம் கேக்கின் மேலே செர்ரி எத்தனை இருக்கும் என்பதுவரை இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

பிரியாணியைப் பிராங்கிளினும் நன்றாகச் சாப்பிட்டார். ஷைனி தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்பாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“இத என்னப்பா செய்றது?”

“கழுவியாச்சுல்ல. குடுத்துட்டு வா.”

“வெறுந்தூக்காவா?”

பிராங்கிளின் தூக்கைப் பார்த்தார். தூக்கில் அவர் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக.

“நீங்களே கொண்டுபோய்க் குடுங்க,” என்றாள் வினோலியா. “அப்பிடியே பாய்கிட்ட, நெறச்சுக் குடுக்கணும்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டுட்டு வந்துருங்க.”

அவர் போனார். தூக்கோடு வெளிக்கதவுவரை இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும், சடையாண்டி வாசலில் நிற்கிறார் என்று சொல்லித் திரும்பி வந்தார். தூக்கு ஷைனியின் புத்தகப் பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். பால்காரர் முதல் கண்டக்டர்வரை எல்லாரிடமும் வாதாடி ஜெயித்த மனிதருக்கு, மூடி போட்ட ஒரு பாத்திரத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஜெபக் குழு அவரைக் கௌரவித்தது. அந்தக் குழுவினர் வருஷா வருஷம் இருபத்தைந்தாம் தேதி, தாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை என்பதற்குச் சாட்சியாக ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஏன் அந்தத் தேதி? அன்றைக்குத்தானே எல்லாருக்கும் லீவு. இந்த வருஷம் பிராங்கிளின் வீடு. நாற்பது குடும்பம் வருகிறது.

நாற்பது குடும்பம் என்றால் நிழல் வேண்டாமா? சாமியானாவுக்குச் சொன்னார். உட்கார நாற்காலி, பேச மைக். வருகிறவர்களைப் பட்டினியாகவா அனுப்புவது? மட்டன் பிரியாணி, அக்பர் அலியிடமே கேட்டு நல்ல சமையல்காரர் ஒருவரைப் பிடித்தார். பாஸ்டர் வருகிற வீட்டில் பிள்ளைகள் சாயம் போன சட்டையில் நிற்கலாமா? ராபினுக்குப் பேன்ட் சட்டை, ஷைனிக்கு வெள்ளைப் பாவாடை, வினோலியாவுக்கு ஒரு புடவை, தனக்கும் ஒரு சட்டை. இவை புதுத்துணி அல்ல, கூட்டத்துக்கான துணி. சுவருக்கு வெள்ளையும் அடித்தார். போன வருஷம் கொண்டாடியபோது இவற்றில் பாதிகூட நடக்கவில்லை என்பது வினோலியாவுக்குத் தோன்றியது. அவள் புடவையைப் பிரித்துப் பார்த்தாள்; நல்ல புடவை. மடித்து அலமாரியில் வைத்தாள்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் சவுண்ட் சர்வீஸ் கருப்பணன் மைக் செட்டோடு வந்து, கேட்காமலே வீட்டின் முகப்பு முழுக்கக் கலர் சீரியல் பல்பை ஓடவிட்டு, மொட்டைமாடி மூங்கிலில் ஒரு பெரிய காகித நட்சத்திரத்தையும் கட்டிவிட்டார்.

“என்ன கருப்பணா இது? அவுரு, அவுரு.”

“டிசம்பர்ல செட்டுப் போட்டா ஸ்டார் ஃப்ரீ சார். ஊரு பூராம் அப்பிடித்தான் செய்றேன்.”

“இது கிறிஸ்மஸ் இல்லப்பா. கிறிஸ்மஸ் கூடாதுங்கிறதுக்குக் கூட்டம்.”

கருப்பணன் சாமியானாவைப் பார்த்தார், பிரியாணி அண்டாவைப் பார்த்தார், ஷைனியின் வெள்ளைப் பாவாடையைப் பார்த்தார். “சரிங்க சார், போகும்போது அவுத்துறேன்,” என்றார். அவர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் பிரமாதம். பிள்ளைகள் வரிசையாக மேடையேறி, கிறிஸ்துமஸ் ஏன் கூடாது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் ஒப்பித்துப் பரிசு வாங்கினார்கள். ராபின் அந்த இரண்டு ராஜாக்களின் விருந்தைச் சொல்லி டார்ச் லைட் வாங்கினான். பிறகு பாஸ்டர் மைக்கைப் பிடித்து, இந்தக் கூட்டம் தொடங்கி இது ஐந்தாம் வருஷம் என்று நினைவுபடுத்தினார். உடனே உள்ளேயிருந்து ஒரு கேக் வந்தது. மேலே ஐந்து மெழுகுவத்தி, நடுவில் க்ரீமில் ஓர் ஐந்து, சுற்றிலும் செர்ரி. பிறந்தநாள் கூடாது என்பதற்குப் பிறந்தநாள். எல்லாரும் கை தட்டினார்கள். கத்தி, வீட்டுக்காரர் என்ற முறையில், பிராங்கிளின் கைக்கு வந்தது; முதல் கீறலும் போட்டார்.

அந்த நேரத்தில் மதில் சுவருக்கு மேலே அக்பர் அலியின் தலை தெரிந்தது. மனிதர் குளித்து, அத்தர் போட்டு, சட்டையும் மாற்றியிருந்தார்.

“ஹேப்பி கிறிஸ்மஸ் தம்பி. இந்த வருசம் நம்ம தெருவுலயே ஒங்க வீடுதான் ஜோரு.”

நாற்பது குடும்பமும் திரும்பிப் பார்த்தது. ‘நாங்க அதெல்லாம் கொண்டாடுறதில்ல பாய்’ என்ற வாக்கியம் பிராங்கிளினிடம் ஒரு மாதமாகத் தயாராக இருந்தது. கண்டக்டரிடம்கூடச் சொல்லிப் பழகியது. ஆனால் அப்போது அவர் மேல் புதுச்சட்டை இருந்தது, கையில் கத்தி இருந்தது, கத்தியில் க்ரீம் இருந்தது. படியோரத்தில் ஷைனி, தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த தூக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். மூடியைத் திறந்தே வைத்திருந்தாள்.

பிராங்கிளின் மதில் பக்கம் திரும்பினார்.

“தேங்க்ஸ் பாய்,” என்றார். “தூக்கு வருது.”

பிறகு பாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல், கேக்கில் செர்ரி அதிகமாக இருந்த பக்கமாகப் பார்த்துப் பெரிய துண்டாக வெட்டினார். பாஸ்டர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“பிரியாணியும் சேத்து வச்சு விடுங்க பிரதர். கேக்கை மட்டும் குடுத்தா கிறிஸ்மஸ் மாதிரித் தெரியும்.”

ஷைனி போய்விட்டு வர அரைமணி நேரமானது. வாயோரத்தில் க்ரீம் இருந்தது.

“என்ன சொன்னாங்க?” என்றார் பிராங்கிளின்.

“இந்த வருசம் என்ன விசேசம், இம்புட்டு லைட்டுன்னு காதர் பீவி அத்தை கேட்டாங்க. நாங்க கிறிஸ்மஸ் கொண்டாடலைல்ல, அதுக்குத்தான் விசேசம்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“மாஷா அல்லா, வருசா வருசம் இதே மாதிரி நல்லாக் கொண்டாடாம இருங்கன்னு துவா செஞ்சாங்க.”

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பிராங்கிளின் மொட்டைமாடிக்கு ஏறினார். நட்சத்திரம் அங்கேயேதான் இருந்தது. கருப்பணன் அவசரத்தில் கட்டியது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவிழ்ப்பதற்காகத்தான் முடிச்சில் கை வைத்தார். கீழே தெருவில் ஷைனியும் ஷப்னமும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவிழ்த்தார், நேராக்கினார், மறுபடியும் கட்டினார். கோணலாகத் தொங்க வேண்டும் என்று மட்டும் எங்கே எழுதியிருக்கிறது?

இவ்வளவும் படித்துவிட்டு, இது அப்படியே நம்ம சித்தப்பாதான் என்று உங்களுக்கு யாரோ ஒருவர் பெயர் தோன்றியிருக்கும். தோன்றட்டும். ஆனால் நீங்களும் எதையோ கொண்டாடாதவராகத்தான் இருப்பீர்கள்: பிறந்தநாளையோ, புத்தாண்டையோ, அட்சய திருதியையோ. அந்தத் தேதி காலண்டரைப் பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறதா? அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே பேச ஆள் தேடுகிறீர்களா? அப்படியானால் கருப்பணனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கொண்டாடாதவர்கள் வீட்டிலெல்லாம் செட்டுப் போட அவர் ஒருவர்தான் இருக்கிறார். கடைசி நேரத்தில் போனால் ஸ்டார் கிடைக்காது.