மூன்றாம் எண் லேத்தும் என் இலக்கிய உத்தியும்

கதை எழுதும் ஆசை ஆளையே கெடுத்துவிடும் என்பார்கள். என் விஷயத்தில் அது முதலில் ஒரு லேத் மெஷினைக் கெடுத்தது.

எண்பதுகளில் மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக் காலத்தில் இருந்தேன். மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆனால்தான் தண்டலத்து எல்சியின் அப்பா எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார். அந்த நேரம் பார்த்து, என் கதையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர், ‘சோகமாக இருந்தான் என்று சொல்லாதீர்கள், காட்டுங்கள்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றோடு நான் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டேன். (காபி வேண்டுமென்றால் காலி டம்ளரை உற்றுப் பார்ப்பேன். அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.)

ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் மூன்றாம் எண் லேத்தின் ஆயில் பம்ப் நின்றுபோனது. ‘பம்ப் அவுட், ஓட்டாதே’ என்று ஷிப்ட் நோட்டில் எழுதியிருந்தால் அடுத்த ஷிப்டுக்குப் போதும். மேதை நான் எழுதியது இது: ‘மூன்றாம் எண் இன்று மௌனமாக நிற்கிறது. அதன் நெற்றியில் வழக்கமான எண்ணெய் ஈரம் இல்லை. தொட்ட விரல் தயங்கித் திரும்பியது.’ பஸ்ஸில் அதை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

மறுநாள் காலை லேத் பிரித்துப் போடப்பட்டிருந்தது. எண்ணெய் போகாமல் பேரிங் வெந்து ஒட்டிக்கொண்டுவிட்டதாம். இரவு ஷிப்டில் அதை ஓட்டிய முனுசாமியையும் சூப்பர்வைசர் வரவழைத்திருந்தார்.

“சத்தம் இல்ல, எண்ணெ ஒழுவலன்னு எழுதிகினுகீறான் சார். நல்லாகீதுன்னு ஓட்டிட்டேன்” என்றான் முனுசாமி.

“வெரல் திரும்பிச்சின்னு கீதே?” என்றார் சூப்பர்வைசர்.

“கைல அழுக்குப் பட்டிருக்கும்னு நெனச்சேன் சார்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “மிஷின் கெட்டுப்போச்சின்னு இதுல எங்கப்பா கீது?”

“அதைப் படிக்கிறவங்க ஊகிச்சுக்கணும் சார்.”

அவர் மேனேஜர் அறையைக் கைநீட்டிக் காட்டினார். ஆசிரியர் சொன்ன உத்தி அவருக்கு எவ்வளவு இயல்பாக வந்தது.

பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது. எல்சியின் அப்பா “இன்னா ஆச்சி?” என்றார். நான் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தேன். மனிதர் உடனே காலண்டரை மூடிவிட்டார். என் எழுத்து வாழ்க்கையில், நான் காட்டியதை ஒரே பார்வையில் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு மாதம் காத்திருந்து என்னைக் கட்டிக்கொண்ட எல்சி இன்னும் அதை மறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் குழம்பு ஊற்றிய சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க” என்றாள். “காட்டிக்கினு குந்தினீங்கன்னா, அடுத்த சோறு ஆறு மாசம் தள்ளிப்போவும்.”