ஆறரை மணிக் கச்சேரியும் சந்தேக அக்காவும்

காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் சேர்த்துத் தேடினாலும், எங்கள் சந்தேக அக்காவைப் போல உலகத்தையே சந்தேகப்பட்ட இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். தென்னூரில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. பள்ளிக்கூடம் ஒன்றில் மிருதங்கம் சொல்லித்தந்தார். இட்லி மெத்தென்று வந்துவிட்டால் போதும், "இன்னிக்கு மட்டும் ஏன் நல்லாருக்கு?" என்று சமையல்கார அம்மாவை மடக்குவார்.

மிருதங்கத்தோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கள் கேட்பார்கள், "வீட்டுக்காரரு வாசிப்பாருங்களா?" என்று.

"இதுதாங்க வீட்டுக்காரரு. நான் அடிச்சாத்தான் வாயத் திறப்பாரு."

அதற்கப்புறம் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள்.

பாலக்கரை மருந்துக்கடைக்காரர் பட்ட பாடு தனி.

"தம்பி, இந்த மாத்திரைய மொதல்ல யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க?"

"கம்பெனில பாத்திருப்பாங்க அக்கா."

"அதுல பொம்பளைங்க எத்தன பேரு?"

"நான் அங்க போகலீங்களே அக்கா."

ஆண் உடம்பில் சோதித்துவிட்டு அதே அளவை நமக்கும் எழுதித் தள்ளுகிறார்கள் என்பது அவர் கட்சி. நாங்கள் சிரித்தோம். பின்னால் விசாரித்தால் அதில் பாதிக்கு மேல் உண்மை. சிரித்த எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

அவருடைய பெரிய சந்தேகம் ஸ்ரீரங்கத்து சபா மேல். பதினோரு வருஷமாக அவருக்கு மாலை நாலு மணிக் கச்சேரிதான். பாடுகிறவரும் பெண்ணாகத்தான் இருப்பார். கேட்க ஆறு பேர், அதில் இரண்டு பேர் தூக்கம். கூட்டம் வருகிற ஆறரை மணி ஆண்களுக்கு.

"ஏன் மாமா எனக்கு எப்பவும் நாலு மணி?" என்று செயலாளரிடமே கேட்டுவிட்டார்.

"பொம்மனாட்டிகளுக்கு அதாம்மா சௌகர்யம். ஆத்துக்குச் சீக்கிரம் போலாமோன்னோ?"

"நான் ஹாஸ்டல்ல இருக்கேங்க. என் சமையலுக்காக அங்க யாரும் காத்துக்கிட்டு நிக்கல."

கடைசியில் ஒரு வருஷம் ஆறரை மணிக்கு வாசிக்கவேண்டியவருக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் நிஜம்தானா என்று அதையும் சந்தேகப்பட்டார். ஆனால் புதுப் புடவை எடுத்தார். நாலு நாள் விடுதியே அவர் சாதகத்தில் அதிர்ந்தது.

கச்சேரியன்று மதியம் எனக்குத் தாடையில் வலி, முதுகில் ஒரு அழுத்தம், காரணமில்லாத வியர்வை. பக்கத்துத் தெரு டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "கேஸ்ம்மா. டென்ஷன் வேற. இந்த வயசுல லேடீஸுக்கு வரதுதான்" என்று ஒரு மாத்திரை எழுதினார். நானும் நம்பிவிட்டேன். நல்ல பெண்பிள்ளைகளுக்கு நம்பித்தானே பழக்கம்.

புடவை கட்டி, பூ வைத்துக் கிளம்பிய அக்கா என் அறையில் எட்டிப் பார்த்தார். வலியையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"ஈசிஜி எடுத்தாரா?"

"இல்லக்கா. நெஞ்சு வலிக்கலையேன்னாரு."

"பொம்பளைக்கு நெஞ்சுதான் வலிக்கணும்னு யாரு சொன்னது? ஆம்பளைங்கள வச்சே படிச்சுட்டு வந்தா இப்படித்தான் கேப்பாங்க. எந்திரி."

மிருதங்கம் விடுதியிலேயே நின்றுவிட்டது; ஆட்டோவில் என் பக்கத்தில் அக்கா இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த கையோடு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. ராத்திரி வரை விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன் என்று அங்கிருந்த டாக்டரம்மா பிற்பாடு சொன்னார்.

எனக்குத் தெளிந்தபோது அக்கா கட்டிலருகே செல்போனோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் செயலாளர் குரல் கொதித்தது. "இதுக்குத்தான் பொம்மனாட்டிய நம்பப்படாதுங்கறது."

"சரிங்க மாமா," என்று வைத்துவிட்டார். அடுத்த வருஷம் மறுபடியும் நாலு மணிதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்ன இங்க சேத்துட்டு நீங்க போயிருக்கலாமேக்கா," என்றேன்.

"போயிருக்கலாம். உன்ன இவங்க ஒழுங்கா பாப்பாங்களான்னு சந்தேகமா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே கட்டில் கம்பியில் மெல்ல வாசிக்க ஆரம்பித்தார். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.