உட்காராத பெண்ணுக்கு ஒரு மணவறை

நாற்காலியைக் கண்டுபிடித்தவர் பம்பரத்தைப் பார்த்திருந்தால், செய்த வரை போதும் என்று மிச்ச மரத்தை விறகுக்கடையில் போட்டிருப்பார். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவளைப் போல உட்காரத் தெரியாத ஒரு பிறவி கிடைக்காது.

பீளமேட்டில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவளுக்கு வைத்த பெயர்தான் பம்பரம். நான் அவளுடைய அறைத்தோழி. பம்ப்செட் கம்பெனியில் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. மோட்டார் சூடேறி நின்றுபோகும். அவள் நிற்க மாட்டாள். இட்லித் தட்டை ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடந்தபடியே சாப்பிடுவாள். அவளுக்குச் சட்னி ஊற்ற வேண்டுமென்றால் சமையல்கார அக்கா கரண்டியோடு பின்னாலேயே ஓட வேண்டும். டிவிக்கு முன்னால் அவள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்ததில், கதாநாயகி அழுவதை மட்டும் பார்ப்போம். எதற்கு அழுகிறாள் என்பது எங்கள் விடுதியில் யாருக்கும் தெரிந்ததில்லை.

அவள் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று அவள் கல்யாணத்தில். இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

விடுதிக்குள் சிரிப்பாக இருந்தது, தாராபுரத்தில் அவள் வீட்டில் சிரிப்பாக இல்லை. கொடுமுடியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பாயில் உட்காரச் சொன்னார்கள். காபி ஆறுவதற்குள் எழுந்துவிட்டாள். டம்ளரை எடுக்கிற சாக்கில் ஒரு நடை, வைக்கிற சாக்கில் ஒரு நடை. வந்தவர்கள் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலியோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு தரகர் வந்து அவள் அப்பாவிடம், "புள்ளைக்கு நரம்புல என்னவோ கோளாறாட்டம் இருக்குதுன்னு பேசிக்கறாங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். அப்பா அதன்பிறகு பல நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பம்பரம் விடுதிக்குத் திரும்பி வந்தாள். வராந்தாவில் இன்னும் வேகமாக நடந்தாள்.

அந்த வேகத்தில்தான் அவள் செல்போன் கைதவறி மாடிப்படியில் உருண்டது. அதைப் பழுது பார்க்கப் போன கடையில் இருந்தார் பிள்ளையார். கருமத்தம்பட்டிக்காரர். அவர் பெயரும் நாங்கள் வைத்ததுதான். காலையில் உட்கார்ந்தால் கடை சாத்துகிற வரை எழ மாட்டார். மின்விசிறியைப் போடுவதற்குக்கூட ஒரு நீளக் குச்சி வைத்திருந்தார்.

பம்பரம் அந்தச் சின்னக் கடைக்குள் உலாத்த ஆரம்பித்தாள். பிள்ளையார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏனுங்க, நீங்க நடக்கற காத்துல என்ற ஸ்க்ரூவெல்லாம் பறக்குதுங்க. கொஞ்சம் அக்கட்ட தள்ளி நடங்க."

விடுதிக்குத் திரும்பி வந்தவளின் முகமே வேறாக இருந்தது. "ஏ புள்ள, அவரு என்னைய உக்காருங்கன்னு சொல்லவே இல்ல. தள்ளி நடங்கன்னாரு!" என்றாள். பிறந்ததிலிருந்து அத்தனை பேரும் அவளை உட்காரச் சொன்னவர்கள். நல்லா இருந்த செல்போன் அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை பழுதானது.

பேச்சு வீடு வரைக்கும் போனது. பிள்ளையாரின் அம்மா கெட்டிக்காரி. பார்த்தவுடனே எல்லாம் புரிந்துகொண்டார். "உங்க இஷ்டம் போல கண்ணாலம் பண்ணிக்கங்க, சாமி. ஆனா தாலி ஏறுறப்போ பொண்ணு அலுங்காம உக்காந்திருக்கோணும். அதுக்கும் எந்திரிச்சு நடந்தான்னா, நானு பந்தலை விட்டு எறங்கிப் போயிருவேன். ஊரு சிரிக்கறதை என்னால பாக்க முடியாது."

பம்பரத்தின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மணி, நீங்க படிச்ச புள்ள. இதுவும் நின்னுபோச்சுன்னா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்க. எப்படியாச்சும் அவளை உக்கார வெச்சுருங்க."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். படித்த புள்ள என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மலையைக்கூட நகர்த்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்வேன். ஒப்புக்கொண்டேன். ஆனால் இங்கே வேலை நகராமல் வைப்பது.

பயிற்சி தொடங்கியது. விடுதிச் சமையலறையில் நாற்காலி போட்டு, குக்கர் விசில் அடிக்கிற வரை எழக் கூடாது என்றேன். குக்கர் 'உஸ்' என்று மூச்சு விட்டதுமே அவள் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தாள். பருப்பு வெந்தது, பம்பரம் வேகவில்லை.

"எனக்கு உக்காந்தா மூச்சு முட்டுது புள்ள" என்றாள். "அவரு எந்திரிச்சா அவருக்குத் தலை சுத்துது. எங்க ரெண்டு பேருக்கும் ஏத்த மாதிரி ஒரு கண்ணாலம் இருக்காதா?"

இருந்தது. நானேதான் யோசித்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. மணவறையை டிராக்டர் டிரெய்லரில் கட்டுவது. பிள்ளையார் அதில் உட்கார்ந்து வருவார். பம்பரம் பக்கத்திலேயே நடந்து வருவாள். அவள் ஊர்க் கோயிலிலிருந்து, பந்தல் போட்ட அவள் வீட்டுத் தென்னந்தோப்பு வரை ஊர்வலம். சீர், சடங்கு எல்லாம் வழியிலேயே முடிந்துவிடும். அத்தனை தூரம் நடந்த களைப்பில், தோப்பில் வண்டி நின்றதும் மேலே ஏறித் தாலிக்கு மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட மாட்டாளா?

பத்திரிகை வாசகமும் நான் எழுதியதுதான். 'சுற்றமும் நட்பும் நடந்து வந்து வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.' அதைப் படித்துவிட்டுச் சென்னையில் இருந்த அவள் சித்தப்பா, "இங்கிருந்தேவா நடக்கோணும்?" என்று போன் செய்தார்.

கல்யாணத்தன்று எல்லாம் கச்சிதம். வாழைமரம் கட்டிய டிரெய்லர். படி வைப்பதற்காகப் பின்பக்கக் கதவைக் கழற்றியிருந்தார்கள். மேலே நடுநாயகமாகப் பிள்ளையார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர், தாலித் தட்டோடு. பெண் உட்காருகிறாளா என்று கண்ணால் பார்ப்பதற்காகவே மாப்பிள்ளையின் அம்மாவும் மேலே ஏறிக்கொண்டார். கீழே பட்டுச்சேலையில் பம்பரம். டிராக்டரையே அடிக்கடி முந்திப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பின்னால் ஓடி ஓடி நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. "அம்மணி, பொண்ணு மெதுவா நடந்தாத்தானுங்க கெட்டிமேளம் வாசிக்க மூச்சு மிஞ்சும்!" என்றார்.

டிராக்டரை ஓட்டியவர் பம்பரத்தின் தாய்மாமன். வருஷக்கணக்காக அதே டிராக்டரில் அதே தோப்புக்கு எருவும் மண்ணும் அடித்தவர். கொண்டு வந்ததைக் கொட்டுகிற டிப்பர் டிரெய்லர் அது. இது எனக்கும் தெரியும். ஆனால் தோப்புக்குள் வந்து வண்டி நின்றால், அவர் சொல்லாமலே அவர் கை டிரெய்லரைச் சாய்க்கிற லிவருக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது.

போனது.

டிரெய்லரின் முன்பக்கம் மெள்ள, மரியாதையாக, மேலே எழுந்தது. "ஏ மாமா! ஏ மாமா!" என்று எல்லோரும் கத்தினோம். தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து மாமா கையெடுத்துக் கும்பிட்டார். முதலில் பூர்ண கும்பம் இறங்கியது. அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. அடுத்து அருமைக்காரர், தாலித் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. கடைசியாக, உட்கார்ந்த நிலை கலையாமல், மணையோடு பிள்ளையார். கீழே தேங்காய் நார்க் குவியல் இருந்தது, ஊர் செய்த புண்ணியம். மணை குவியலில் சொருகி நிற்க, பிள்ளையார் முன்னால் தள்ளப்பட்டு இரண்டு காலில் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"ஐயோ, என்ற காலு!" மாப்பிள்ளையின் அம்மா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நாரில் கிடந்தார்.

நாங்கள் அசைவதற்குள் பம்பரம் அங்கே இருந்தாள். நடக்கிறவளுக்கு அது ஒன்றுதான் வசதி. பட்டுச்சேலையோடு நாரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் மெள்ள நீவினாள்.

அருமைக்காரர் எழுந்து நாரைத் தட்டிவிட்டுக்கொண்டு பதறினார். "அம்மணி, நல்ல நேரம் போகுதுங்க. எந்திரிங்க, வண்டியை எறக்கி மணவறைக்குப் போலாம்."

"முடியாதுங்க. அலுங்குனா அத்தைக்கு நோவும்."

"கண்ணு, எந்திரி சாமி!" என்று கெஞ்சினார் அப்பா. அவளைப் பார்த்து அவர் 'எந்திரி' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"நான் எந்திரிக்க மாட்டனுங்க அப்பா."

பிள்ளையார் தட்டிலிருந்து தாலியை எடுத்தார். நின்றபடி, குனிந்து, நாரில் உட்கார்ந்திருந்தவள் கழுத்தில் கட்டினார். கெட்டிமேளம் கொட்டியபோதுகூட அவள் மடியில் இருந்த கால் அசையவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பந்தலை விட்டு இறங்கிப் போக மாமியாருக்கு வழியும் இல்லை, காலும் இல்லை, காரணமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காரவே மாட்டான்னு சொன்னீங்க. இப்ப எந்திரிக்கவே மாட்டீங்கறாளே! போ கண்ணு, சனமெல்லாம் பசியோட நிக்குது" என்றார். பந்தி முடிந்து, பந்தலைப் பிரிக்கிற வரைக்கும் பம்பரம் எழவில்லை.

ஊரே அதிசயப்பட்டது. நான் படவில்லை. அந்த உட்காரலை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன்.

விடுதியில் எனக்கு ஒரு முறை கடுமையான காய்ச்சல் வந்தது. ஊரிலிருந்து யாரும் வர முடியாத நேரம். கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியில் பம்பரம் உட்கார்ந்திருந்தாள். என் பாதத்தின் மேல் அவள் கை இருந்தது.

"எப்ப புள்ள வந்தே?" என்றேன்.

"இப்பத்தான்."

கதவோரம் கழற்றிப் போட்டிருந்த அவள் செருப்புக்குள் எறும்பு புற்று வைக்க ஆரம்பித்திருந்தது.